‘சொன்னது’ என்ற கட்டம்

பிப்ரவரி 11

அன்பு அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால், “அதை நான் பார்த்துச் சொல்கிறேன்” என்பாய். அதனால் எழுதவில்லை. இருமல் நின்றுவிட்டது. போர்வையைத் துவைத்துவிட்டேன். போதுமா?

போனில் நான் “ம்” தவிர எதுவும் சொல்வதில்லை, கடிதம் எழுதினால்தான் வாய் திறக்கிறேன் என்று குறைப்பட்டாயே, இதோ திறக்கிறேன். ஆபீசில் எனக்கு முதன்முதலாகத் தனியாக ஒரு வேலை தந்திருக்கிறார்கள். என்னவென்று கேட்டால் சிரிப்பாய். உங்கள் காப்பகத்தில் நீ தினமும் உட்கார்ந்து தட்டுகிறாயே, அந்தப் புரோகிராமைப் புதிதாக எழுத வேண்டும். நீங்கள் ஏற்றிய தகவல்கள் அப்படியே இருக்கும், புரோகிராம் மட்டும் புதிது. பழையதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதிவைத்ததைத் திறந்து பார்த்த எங்கள் டீம் லீடர், “இதத் தொட்டா இடிஞ்சு விழும்மா, புதுசாவே எழுதிடு” என்று என் தலையில் கட்டிவிட்டார்.

இதற்காக ஒரு புதிய முறை கற்றுக்கொள்கிறேன். உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். உனக்குப் புரிந்தால்தான் எனக்குப் புரிந்ததாக அர்த்தம். தகவல்கள் எல்லாம் டேபிள்களில் இருக்கும். உங்கள் ரிஜிஸ்டரில் கட்டம் கட்டமாக இருக்குமே, அதேதான். முன்பெல்லாம் முதலில் டேபிள், பிறகு அதற்கேற்ற புரோகிராம். இந்த முறையில் அது தலைகீழ். “ஒருவர் என்றால் படுக்கை எண், வயது, வந்த தேதி” என்று நான் புரோகிராமில் எழுதினால் போதும், ஒரு கருவி அதைப் படித்து டேபிளைத் தானே கட்டிவிடும். பிறகு நான் எதையாவது மாற்றினால், நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து டேபிளையும் மாற்றிவிடும். இப்படி மாற்றுவதற்கு மைக்ரேஷன் என்று பெயர். டேபிளை நான் நேரில் பார்க்கக்கூட வேண்டாம். யாரிடமும் முகம் பார்த்துப் பேசாமல், சீட்டு எழுதி அனுப்பியே வேலை வாங்குவது மாதிரி. எனக்காகவே கண்டுபிடித்தார்களோ என்னவோ.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ அங்கே ஆயாவாக இருக்கிறாய் என்று ஆபீசில் சொல்லவில்லை. டீம் லீடர் உங்கள் காப்பகத்தின் பெயரைச் சொன்னபோது வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே.

புதிய திரையில் உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. செய்து தருகிறேன்.

உன்
தங்கை


பிப்ரவரி 18

என் ஊமைக்கோட்டானுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தை மருந்து அறை நர்ஸ் பிரிக்காமல் கொடுத்தாள். உலகம் திருந்திக்கொண்டிருக்கிறது. நீ எழுதியதில் பாதி புரிந்தது. சீட்டு எழுதி வேலை வாங்குவது நன்றாகவே புரிந்தது. எங்கள் மேட்ரன் அம்மாவும் அப்படித்தான். சீட்டு வரும், ஆள் வராது.

ஆபீசில் சொல்லவில்லை என்றாயே, ஏன் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறேன்.

என்ன வேண்டும் என்றால், ஒன்றே ஒன்று. இங்கே இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் தெருவில் கிடந்து, போலீஸ் கொண்டுவந்து விட்டவர்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மாதக்கணக்கில் வாய் திறக்கமாட்டார்கள். திடீரென்று தலை துவட்டும்போது ஒரு வார்த்தை விழும். “எங்க வீட்டு கேட் நீலம்” என்பார் ஒருத்தர். அவ்வளவுதான், அப்புறம் அரை வருஷம் மௌனம். அப்படி எது விழுந்தாலும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன். மூன்று வருஷமாகச் செய்கிறேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று மட்டும் கேட்பார்கள்.

அதை எழுதும் கட்டத்துக்கு ‘ரிமார்க்ஸ்’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யார்? எனக்குத் தெரிந்த ரிமார்க்ஸ் எட்டாம் வகுப்பில் டீச்சர் என் அட்டையில் எழுதியதுதான்: “வாய் அதிகம்”. அத்தோடு என் படிப்பும் முடிந்தது. பாவம், இவர்கள் பேசுவதே எப்போதோ ஒரு சொல். அதைப் போய்க் குற்றப்பத்திரிகை மாதிரி ரிமார்க்ஸ் என்பதா? ‘சொன்னது’ என்று வை. யார் என்ன சொன்னாரோ, அது.

இப்போது பதினேழாம் படுக்கை ஊசிம்மாவுக்கு நகம் வெட்டப் போகிறேன். இல்லாத ஊசியால் இல்லாத துணியை நாள் முழுக்கத் தைப்பவர். விரலைப் பிடித்தால் தையல் கெட்டுவிட்டது என்று முறைப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 27

அன்பு அக்காவுக்கு,

‘சொன்னது’ என்று வைத்துவிட்டேன். டீம் லீடர் படித்துப் பார்த்து, “நல்லாருக்கே, யார் ஐடியா?” என்றார். “கிளையன்ட்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே காது சூடாகிவிட்டது.

திரையில் தெரியும் பெயரை மட்டும் மாற்றியிருந்தாலே உனக்குப் போதும். எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலே ‘சொன்னது’ என்று எழுதி, அடியில் ‘ரிமார்க்ஸ்’ என்றே விட்டால் உன்னை ஏமாற்றியது போல. அதனால் அடிவரை மாற்றினேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. புரோகிராமில் ஒரே இடத்தில் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதினேன். கருவி உடனே மைக்ரேஷனைத் தயாரித்துவிட்டது. கூடவே மஞ்சள் எழுத்தில் ஒரு வரி: ‘தகவல் இழப்பு ஏற்படலாம், சரிபார்க்கவும்’. டீம் லீடரிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

“மஞ்சளா, சிவப்பா?” என்றார், திரும்பாமலே.

“மஞ்சள் சார்.”

“மஞ்சளுக்கெல்லாம் நின்னுட்டிருந்தா என்னிக்கு வேலை முடிக்கிறது? சிவப்பு வந்தா கூப்பிடு.”

என்னிடம் உள்ள சோதனை டேபிளில் ஓட்டிப் பார்த்தேன். அதில் நானே உண்டாக்கிய மூன்று பொய் மனிதர்கள். ஒன்றும் சொல்லாதவர்கள். தடங்கல் இல்லாமல் ஓடியது. திங்கட்கிழமை உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. திறந்து பார்த்ததும் முதலில் எனக்கு எழுது. என் வாழ்க்கையில் நான் செய்து முடித்த முதல் பொருள் அது.

உன்
தங்கை


மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

நீ செய்த திரை அழகாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாரம் முழுக்க எனக்கு வார்டு டியூட்டி. வெள்ளிக்கிழமைதான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன். ‘சொன்னது’ என்று பார்த்ததும் பக்கத்தில் யாருமில்லாமலே சிரித்தேன். ஊசிம்மாவைத் திறந்தேன். காலி. கீழே எங்கேயாவது இருக்கும் என்று உருட்டினேன். அடுத்தவரைத் திறந்தேன், அடுத்தவரை. இருநூற்றுப் பதினான்கு பேரையும் திறந்துவிட்டேனடி. வயது இருக்கிறது, படுக்கை எண் இருக்கிறது, மருந்து இருக்கிறது. அவர்கள் சொன்னது மட்டும் ஒருவருக்கும் இல்லை.

‘புதுப்பி’ என்று ஒரு பட்டன் இருந்தது. யாரையும் திறக்கும் முன்பே அதை இரண்டு முறை அழுத்தினேன். அவசரத்தில் அழுத்திவிட்டேன். அதில்தான் போயிருக்கும். மேட்ரன் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். “எட்டாங்கிளாஸ் படிச்ச கையக் கம்ப்யூட்டர்ல வைக்க விட்டேன் பாரு, என்னச் சொல்லணும்” என்றார்கள். இப்போது சலவைப் பகுதியில் இருக்கிறேன். முன்பு எழுதிவைத்த நோட்டுகளையும், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் இடத்தை அடைக்கிறது என்று அப்போதே எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்கள்.

துணி வெளுக்க எனக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் வேறு. காப்பகத்துக்கு ஒரு பெண் கடிதம் போட்டிருக்கிறாள். பஸ் கண்டக்டராம். ஆறு வயதில் அவளை விட்டுவிட்டு அம்மா எங்கோ போய்விட்டாள். போட்டோ இல்லை, முகமும் நினைவில்லை. ஒன்றுதான் நினைவிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கல்குவாரி. வெடி வைக்கும் முன் சைரன் ஊதும். அம்மா இவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எண்ணுவாளாம். ஏழு என்னும்போது வெடிக்குமாம்.

இதை ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சைரன், காது, ஏழு. என் கையால் ஏற்றியிருக்கிறேன். ஆனால் சொன்னது ஊசிம்மாவா, அவருக்குப் பக்கத்தில் பதினெட்டாம் படுக்கை ஜன்னல் அம்மாவா? இருவருக்கும் ஒரே நாளில்தான் தலை வாருவேன். எவ்வளவு யோசித்தாலும் ஒரு நாள் இவர் முகம் வருகிறது, மறுநாள் அவர் முகம். பதிவில் இருந்தால்தான் மேட்ரன் அம்மா பதில் போடுவார்கள். இல்லையென்றால் ‘எங்கள் பதிவில் இல்லை’ என்ற அச்சடித்த தாள்தான் போகும்.

நீ படித்தவள். என் கையால் போனதை உன் கையால் எடுத்துத் தர முடியுமா?

அக்கா


மார்ச் 12

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பார்க்கிறேன். நீ அழுத்திய பட்டன் சரியாக எது, எத்தனை முறை, அப்போது திரையில் என்ன வந்தது என்று எழுது. கவலைப்படாதே.

இங்கே வேலை அதிகம்.

தங்கை


மார்ச் 18

அன்புத் தங்கைக்கு,

கேட்டபடி எழுதியிருக்கிறேன், பின்பக்கம் பார். பட்டனின் படமும் போட்டிருக்கிறேன். சிரிக்காதே, வட்டம் எனக்கு வராது.

சலவை வேலை முடிந்ததும் வார்டுக்குப் போய் இருவருக்கும் நடுவில் உட்காருகிறேன். ஊசிம்மா காதில் மெல்ல எண்ணிப் பார்த்தேன். நான்கு வரும்போது தைக்கிற விரல் நின்றது. இன்னும் கிட்டே குனிந்தேன். பிறகு மறுபடி தைக்க ஆரம்பித்தார். ஜன்னல் அம்மா காதில் எண்ணினேன். ஏழு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வாய் நாற்றமாகக்கூட இருக்கலாம். இதை வைத்து நான் என்னவென்று எழுத?

அச்சடித்த தாள் அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது. பொறுக்கமுடியவில்லை. ஒரு கார்டு வாங்கி, “தாளை நம்பாதே அம்மா, நேரில் வா” என்று எழுதிப் போட்டேன். இருபத்தொன்பதாம் தேதி வருவதாகப் பதில் வந்திருக்கிறது. அதற்குள் எடுத்துக் கொடுத்துவிடு. எல்லாம் வேண்டாம். பதினேழும் பதினெட்டும் மட்டும் போதும். உனக்கும் ஆபீஸ் வேலை இருக்குமல்லவா.

அக்கா


மார்ச் 22

அக்கா,

உன் கை எதையும் அழிக்கவில்லை. ‘புதுப்பி’ என்ற பட்டன் திரையை மறுபடி காட்டும், அவ்வளவுதான். ஆயிரம் முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அழித்தது நான்.

அந்தக் கருவிக்கு நான் பெயர் மாற்றினேன் என்று தெரியாது. நேற்று ‘ரிமார்க்ஸ்’ என்று ஒன்று இருந்தது, இன்று இல்லை. நேற்று ‘சொன்னது’ இல்லை, இன்று இருக்கிறது. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதனால் பழைய கட்டத்தை அதில் உள்ளதோடு பிடுங்கி எறிந்துவிட்டு, புதிதாக ஒரு காலிக் கட்டத்தை வைத்தது. ‘இது அதேதான், பெயர் மட்டும் வேறு’ என்று நான் மைக்ரேஷனைத் திறந்து ஒரு வரி திருத்தியிருக்க வேண்டும். இரண்டு வரிகள்தான் அதில் இருந்தன: நீக்கு, சேர். நான் திறந்தே பார்க்கவில்லை. மஞ்சள் எழுத்து சொன்னது அதைத்தான்.

பேக்கப் இருக்கும் என்று ஓடினேன். உங்கள் கம்ப்யூட்டரில் தினமும் எடுக்கிறார்கள், நேற்றைய பிரதியின் மேலேயே இன்றையதை. திங்கட்கிழமை போனது. நீ பார்த்தது வெள்ளிக்கிழமை. அதற்குள் நான்கு முறை காலியைப் பத்திரப்படுத்திவிட்டது. அழிந்ததைத் தோண்டி எடுக்கும் கருவிகளையும் ஓட்டினேன். பாதிப் பாதி எழுத்துகள் வந்தன. ‘கேட் நீ’ என்று ஓரிடத்தில் வந்தது. யாருடையது என்று அதில் இல்லை. பதினேழும் பதினெட்டும் வரவே இல்லை.

மேட்ரன் அம்மா எங்கள் ஆபீசுக்குப் போன் செய்த அன்றே எனக்குத் தெரியும். டீம் லீடருக்கும் தெரியும். “ரிப்போர்ட்ல யூசர் எரர்னு போட்டாச்சு. அங்க யாரோ ஒரு ஆயாம்மா நான்தான் அழுத்தினேன்னு ஒத்துக்கிட்டாங்களாம். நீ ஏன் முழிக்கிற?” என்றார். நான் முழித்துக்கொண்டே நின்றேன். பிறகு உன் கடிதம் வந்தது. எந்தப் பட்டன் என்று உன்னைக் கேட்டு எழுதினேன். அதை ஏன் எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் நல்லதாக ஒரு காரணம் கிடைக்கவில்லை.

நேற்று மேட்ரன் அம்மாவுக்கு என் கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். அந்த ஆயாம்மா என் அக்கா என்றும் எழுதினேன். இது அந்தப் பெண்ணுக்கு எந்த வகையிலும் உதவாது என்று தெரியும்.

தங்கை


ஏப்ரல் 5

தங்கைக்கு,

என்னை மறுபடி கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார்கள். மேட்ரன் அம்மா உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “உன் தங்கச்சியா? சொல்லவே இல்லயே” என்றார்கள். “அவளும் சொல்லலம்மா” என்றேன்.

அந்தப் பெண் வந்தாள். கண்டக்டர் உடையிலேயே வந்தாள், பாதி நாள்தான் லீவாம். இரு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஊசிம்மா தைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் அம்மா தூங்கிவிட்டார்.

“யாரு சொன்னது, அக்கா?” என்று கேட்டாள்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர்.”

“உங்களுக்கு என்ன தோணுது? சும்மா சொல்லுங்க. நான் ஏத்துக்கிறேன்.”

ஒரு விரலை நீட்டினால் போதும். அவள் நம்பியிருப்பாள். யார் வந்து சரிபார்க்கப்போகிறார்கள்? என்னால் முடியவில்லை. “தெரியலம்மா” என்றேன். ரத்தப் பரிசோதனை செய்யலாமே என்று மேட்ரன் அம்மாவிடம் போய்க் கேட்டாள். பதிவில் ஒரு வரியாவது இருந்தால் மேலே எழுதி அனுமதி கேட்கலாம் என்றார்கள். நான் வாயால் சொல்கிறேன் என்றேன். “நீ முன்னாடியே ஒரு தடவ வாயால சொன்ன, நான்தான் அழிச்சேன்னு” என்றார்கள்.

போகும்போது இருவர் காதையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உன்மேல் கோபமா என்றால், அழிந்ததற்கு இல்லை. கண்ணாடி டம்ளர் கை தவறி விழுவதில்லையா. பதினைந்து நாள் நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்குத்தான். அந்தப் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை நம்பி உட்கார்ந்து பட்டன் படம் வரைந்தேன். அதைத்தான் விழுங்க முடியவில்லை. ஒரு நாள் விழுங்கிவிடுவேன். எப்போது என்று கேட்காதே.

இப்போது வேலை விஷயம். அந்தப் பெண் முகவரி கொடுத்திருக்கிறாள். இருவரில் யாருக்கு எதுவானாலும் அவளுக்குத் தெரிவிக்க வேண்டும். ‘உறவினர்’ கட்டத்தில் ஊசிம்மாவுக்கு ஏற்றினேன், ஏற்றது. ஜன்னல் அம்மாவுக்கும் ஏற்றினால், ‘இந்த உறவினர் ஏற்கெனவே வேறொருவருக்குச் சேர்க்கப்பட்டுள்ளார்’ என்று சிவப்பில் மறுக்கிறது. அவளை இருவருக்கும் எழுதும்படி மாற்றித் தா. அதுவரை ஊசிம்மாவிடமிருந்தும் எடுத்துவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 14

அன்பு அக்காவுக்கு,

மாற்ற முடியும். ஓர் உறவினருக்கு ஒருவர் என்று எழுதியதும் நான்தான். ஓர் உறவினருக்குப் பலர் என்று திருத்தி, மைக்ரேஷனைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்து ஓட்டினால் அரை நாள் வேலை. ஆனால் என்னால் இப்போது அதைத் தொட முடியாது. மேட்ரன் அம்மாவுக்கு எழுதியது தெரிந்ததும் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். “உண்மையச் சொன்னது தப்பில்லம்மா, எங்களக் கேக்காம சொன்னதுதான் தப்பு” என்றார் டீம் லீடர். அந்தப் புரோகிராமைத் திறக்கும் அனுமதியே எனக்கு இல்லை.

புதிதாக வந்திருப்பவருக்கு உன் கோரிக்கையை எழுதி அனுப்பினேன். ஒரே நாளில் மூடிவிட்டார். “ஒரு பொண்ணுக்கு எப்படிங்க ரெண்டு அம்மா? டேட்டா தப்பு” என்று பதில். நாற்காலிக்குப் பின்னால் நிற்காமல் எதிரில் போய் உட்கார்ந்து பேசினேன், அக்கா. கல்குவாரி, சைரன், ஏழு, எல்லாம் சொன்னேன். குரல் வந்தது. பொறுமையாகவே கேட்டார். நல்ல மனிதர்தான். கடைசியில், “பாவமாத்தான் இருக்கு. ரெண்டுல யாருன்னு கன்ஃபர்ம் ஆனதும் சொல்லுங்க, நானே போட்டுடறேன்” என்றார். அதற்குமேல் யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் முகவரியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் சுவரில் ஒட்டிவை. ‘இருவரில் யாருக்கு எதுவானாலும்’ என்று மேலே எழுது. அந்த வார்டு டியூட்டிக்கு மாறி வரும் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிவிட்டுப் போ. வெள்ளையடிக்க வருகிறவர்கள் கிழித்துவிடக்கூடும். அதனால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

எனக்கு அனுப்ப மனம் வராவிட்டால், வேறு யாரிடமாவது கொடுத்துவை.

தங்கை